75-க்கு ஒன்று குறைவு

ஒரு செமஸ்டரில் எழுதிய அத்தனை தாள்களிலும் தோற்றவர்கூட அடுத்த செமஸ்டருக்குப் போய்விடலாம். அரியர் கூடவே வரும், அவ்வளவுதான். அத்தனை தாள்களையும் ஒரே மூச்சில் பாஸ் செய்துவிடக்கூடிய ஒருவரின் வருகைப் பதிவு 64 சதவீதம் என்று வந்துவிட்டால், அவர் தேர்வுக்கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. அடுத்த செமஸ்டரும் கிடையாது. ஒரு வருடம் காத்திருந்து, ஜூனியர்களோடு பெஞ்சைப் பகிர்ந்துகொண்டு, அதே செமஸ்டரை முதல் நாளிலிருந்து படிக்க வேண்டும். பாடம் தெரியாதவருக்கு உள்ள தண்டனையைவிட வகுப்பில் இல்லாதவருக்கு உள்ள தண்டனை பல மடங்கு பெரியது.

நம் பொறியியல் கல்வியின் இந்த விநோதம் செமஸ்டர் முடியும்போதெல்லாம் ஒரு பட்டியலாக வெளிவரும். முன்பு துறை அலுவலகத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். இப்போது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். ஆக வந்து விழுகிறது. பெயர் இருப்பவர்கள் மறுநாள் காலை துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யின் அறை வாசலில் நிற்பார்கள். ‘சார், ஒரே ஒரு பர்சன்ட்தான் சார்’ என்ற கெஞ்சலில் ஆரம்பித்து, மன்னிப்புக் கடிதம், மெடிக்கல் சர்டிஃபிகேட், அபராதம், அப்பா வருகை என்று அது நகரும். எழுதி வைத்த விதி ஒன்று. அந்த அறைக்குள் நடப்பது வேறொன்று.

எழுதி வைத்தது

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கு 2017-ல் வந்த ஒழுங்குமுறையைப் பார்ப்போம். ஒரு செமஸ்டர் என்பது ஏறக்குறைய 75 வேலை நாட்கள், அல்லது 50 நிமிடம் கொண்ட 540 பீரியட்கள். ‘நூறு சதவீதம் வருவதே லட்சியம்’ என்று தொடங்கி, தவிர்க்க முடியாத காரணங்களை முன்னிட்டு 75 சதவீதம் வந்தால் போதும் என்று அது இறங்கி வருகிறது. உடல்நலக் காரணத்தாலோ விளையாட்டுப் போட்டிகளாலோ 65-லிருந்து 74-க்குள் நின்றுவிட்டவர், அதற்கான சான்றிதழை முதல்வரின் ஒப்புதலோடு கொடுத்துத் தேர்வு எழுதலாம். 65-க்குக் கீழே போனால் வழியே இல்லை. 65-க்கும் 74-க்கும் நடுவே இருந்து, சான்றிதழ் இல்லாதவருக்கும் அதே கதிதான். தேர்வு முடிவுப் பட்டியலில் ‘எஸ்.ஏ.’ என்று இரண்டு எழுத்து விழும். கல்லூரி வட்டாரத்தில் இதற்குப் பெயர் ‘ரீடூ’. ஆந்திரா, தெலங்கானா பக்கம் ‘டீடெய்ன்’ என்பார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. சதவீதத்தை அருகில் உள்ள முழு எண்ணுக்கு மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. 540-ல் 403 பீரியட் வந்தவருக்கு 74.63, அது 75 ஆகிவிடும். 402 பீரியட் வந்தவருக்கு 74.44, அது 74 ஆகத் தேங்கிவிடும். காய்ச்சலுக்கான சீட்டு கையில் இல்லையென்றால், இந்த இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு வருடம். காரணம் ஒரே ஒரு 50 நிமிட வகுப்பு. கல்லூரிப் பேருந்து ஒரு நாள் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதால் தவறிய வகுப்பாகக்கூட அது இருக்கலாம்.

இன்னொரு விநோதமும் இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளுக்கான இந்த விதி பார்ப்பது மொத்த வருகையைத்தான், பாடவாரி வருகையை அல்ல. மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 45 பீரியட் என்றால், அது 540-ல் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு மாணவர் அந்தப் பாடத்தின் வகுப்பு ஒன்றில்கூடத் தலைகாட்டாமல், மற்றவற்றுக்கு ஒழுங்காக வந்தால் அவருடைய வருகை 91 சதவீதத்தைத் தாண்டும். விதியின் கண்ணுக்கு அவர் நல்ல பிள்ளை. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தவருக்கு மாதவிடாய் வலியோ, காலதாமதமோ இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் அவர் பட்டியலில் வந்துவிடுவார். அம்மாவின் நோய்க்கு மகளின் பெயரில் மெடிக்கல் சர்டிஃபிகேட் எங்கே வாங்குவது?

மற்ற இடங்களில் எண்கள் மாறும், அடிப்படை மாறாது. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பாடத்துக்கும் 85 சதவீதம் கேட்கிறது. தக்க காரணம் காட்டினால் 10 சதவீதம்வரை விட்டுக்கொடுக்கும். சென்னை ஐ.ஐ.டி.யும் 85 தான். ஆனால் அங்கே குறைந்தால் அந்த ஒரு பாடத்துக்கு ‘டபிள்யூ’ கிரேடு விழும், அதை மட்டும் திரும்பப் படிக்க வேண்டும். ஹைதராபாத் ஜே.என்.டி.யூ. 65-க்கும் 75-க்கும் இடையில் நிற்பவர்களை மன்னிப்பதற்கு ஒரு கட்டணம் உண்டு என்று விதியிலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அந்த நேர்மையை நான் கொஞ்சம் மதிக்கிறேன். நம் ஊரில் பல கல்லூரிகளில் அதே பணம் ‘ஃபைன்’, ‘கண்டொனேஷன்’, ‘டெவலப்மென்ட்’ என்று நாளுக்கொரு பெயரில் வாங்கப்படுகிறது.

பேரம் எங்கே பிறக்கிறது

தண்டனை அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதால்தான் அது பேரமாகிறது என்பது என் கணிப்பு.

60 பேர் வகுப்பில் 15 பேர் 75-ஐத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பேரையும் ஒரு வருடம் நிறுத்திவைக்க எந்த முதல்வருக்கும் துணிச்சல் வராது. பெற்றோர் வந்து நிற்பார்கள், உள்ளூர்ப் பிரமுகர் போன் செய்வார், அடுத்த வருட அட்மிஷனில் பெயர் கெடும். சீட் நிரம்பாமல் திணறும் கல்லூரிக்கு இருக்கிற மாணவரை இழப்பது இன்னும் கஷ்டம். ஆகவே பெரும்பாலோரை எப்படியாவது மேலே ஏற்றிவிட வேண்டும். ஆனால் சும்மா ஏற்றிவிட்டால் அடுத்த செமஸ்டரில் வகுப்பே இருக்காது. அதனால் விடுவிப்பதற்கு ஒரு விலை வைக்கப்படுகிறது. சில இடங்களில் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று ரூபாய்க் கணக்கு. சில இடங்களில் இம்போசிஷன். சில இடங்களில் அப்பாவை வரவழைத்து மகன் எதிரிலேயே அவமானப்படுத்துவது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, சலவை மடிப்பு கலையாத சட்டையில் வந்து நிற்கும் மனிதரிடம் ‘உங்க பையன் உருப்பட மாட்டான்’ என்று சொல்லும் உரிமையை எந்த ஒழுங்குமுறையும் யாருக்கும் தரவில்லை. டீக்கடை அண்ணனை அப்பாவாகக் கூட்டிப்போகும் கதைகள் சினிமாவில் நகைச்சுவை. அதற்குப் பின்னால் இருப்பது பல நேரம் சொந்த அப்பாவை இந்த அவமானத்திலிருந்து காப்பாற்ற நினைக்கும் பிள்ளையின் தவிப்பு.

மருத்துவச் சான்றிதழின் கதை தனி. விதி கேட்பது நீண்ட நாள் மருத்துவமனை வாசம், விபத்து, குறிப்பிட்ட நோய். ஆனால் பட்டியல் வெளியான வாரத்தில் மட்டும் கல்லூரி வட்டாரத்தில் டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் பின்தேதியிட்டுப் பரவும். சான்றிதழைக் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அட்டெஸ்ட் செய்பவருக்கும் இது பொய் என்று தெரியும். பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு நாம் முதலில் கற்றுத் தரும் அலுவலக நடைமுறை இதுதான். உண்மையாகவே டெங்குவில் படுத்துக் கிடந்தவரின் சான்றிதழும் இந்தக் கட்டில் ஒன்றாகிச் சந்தேகப் பார்வைக்கு ஆளாகிறது.

இந்தச் சந்தையில் கைவசம் ஏதாவது வைத்திருப்பவர் தப்பிக்கிறார். பணம் இருப்பவர், சிபாரிசு இருப்பவர், ஸ்டாஃபுக்குப் பிடித்தவர், சிம்போசியத்துக்கு ஓடியாடி வேலை செய்து ஓ.டி. என்ற ஆன் டூட்டி வருகை சேர்த்தவர். கடைசியில் நிஜமாகவே ரீடூ ஆவது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் தனக்காக எவரும் போன் செய்யாத பிள்ளையாக இருக்கும்.

யார் வருவதில்லை

‘கட் அடித்துவிட்டு சினிமாவுக்குப் போகிறவர்கள்’ என்ற பழைய சித்திரம் இன்னும் நம் தலையில் இருக்கிறது. அவர்களும் உண்டு. ஆனால் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகும் மாணவர்களைக் கல்யாண மண்டபத்தில் நாம் பார்த்திருக்கிறோம். நம் இலையில் சாம்பார் ஊற்றிய பையன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டாக இருந்திருப்பான். இரவு பன்னிரண்டு மணிவரை உணவு டெலிவரிக்கு ஓடுபவருக்கு முதல் பீரியட் எட்டே முக்கால் என்பது எட்டாத கனி. முதல் பீரியடைத் தினமும் விட்டாலே, ஒரு நாளைக்கு ஏழு பீரியட் என்ற கணக்கில் பதினான்கு சதவீதம் போய்விடும். அதன்பின் பத்து நாள் காய்ச்சல் வந்தால் போதும்.

கட்டணம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படும் மாணவர்கள் இன்னொரு கூட்டம். கல்விக் கடன் தவணை வங்கியிலிருந்து வரத் தாமதமாகும். அந்த நாட்களில் பிள்ளை கல்லூரி வளாகத்துக்குள்தான் இருப்பான், லைப்ரரி வராந்தாவில். பதிவேட்டில் ஆப்சென்ட். ஒரு கல்லூரி தானே வெளியே நிறுத்திவிட்டு, பிறகு ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதை எந்தத் தர்க்கத்தில் சேர்ப்பது? மாஸ் கட் அடித்தால் ஒரு நாளுக்கு மூன்று நாள் ஆப்சென்ட் போடும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. வருகைப் பதிவேடு என்பது நடந்ததை எழுதும் ஆவணம். நடக்காத இரண்டு நாளை அதில் எழுதுவதற்குப் பெயர் ஒழுங்கு நடவடிக்கை அல்ல.

இறுதியாண்டுக்காரர்களின் சங்கடம் வேறு. கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வானவரை நிறுவனம் படிப்பு முடியும் முன்பே இன்டர்ன்ஷிப்புக்கு வரச் சொல்கிறது. கல்லூரி அந்த வேலை வாய்ப்பைப் பிளெக்ஸ் போர்டில் போட்டோவோடு அச்சடிக்கிறது. ஓ.டி. கேட்டால் மட்டும் ‘சர்க்குலர் இல்லை’ என்கிறது.

வகுப்பில் இருக்க ஒரு காரணம் வேண்டும் என்பதையும் பேசியாக வேண்டும். பி.பி.டி.யை வாசித்துவிட்டுப் போகும் வகுப்பைவிட யூடியூபில் அதே பாடம் தெளிவாகக் கிடைக்கிறது. இதைச் சொன்னால் பேராசிரியர்கள் கோபப்படுவார்கள். ஆனால் 2024 ஜூலையில் வெளிவந்ததை மறந்துவிட முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியல் போட்டது. அதில் 224 கல்லூரிகள் இருந்தன. பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்க வேண்டியதாயிற்று. மாணவர் போடும் பிராக்ஸிக்கு ரீடூ. ஆசிரியர் இல்லாத வகுப்புக்குக் காகிதத்தில் ஆசிரியர் போடப்பட்டால் அதற்கு யார் எந்த செமஸ்டரைத் திரும்பப் படிப்பது?

இவ்வளவுக்குப் பிறகும் வருகை விதியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். லேப் வகுப்பை யூடியூப் நடத்தாது. கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த முதல் தலைமுறை மாணவருக்கு, எட்டு செமஸ்டரும் வகுப்பறையில் உட்கார்ந்தது மட்டுமே ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு பழக்கம் ஏற்படுத்தியிருக்கும். விதியைத் தளர்த்தினால் முதலில் காணாமல் போவது அவர்தான், நன்றாகப் படிக்கும் சோம்பேறி அல்ல. என் சண்டை 75-ஓடு அல்ல, 74-க்கு ஒரு வருடம் என்பதோடு.

சட்டக் கல்லூரியில் திறந்த கதவு

2016-ல் டெல்லியில் ஒரு சட்ட மாணவர், வருகை போதாததால் தேர்வு எழுத அனுமதி மறுக்கப்பட்டபின் உயிரை மாய்த்துக்கொண்டார். நீதிமன்றம் தாமாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்ட அந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பு சொன்னது. வருகைக் குறைவைக் காரணம் காட்டி எந்தச் சட்ட மாணவரையும் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என்றது. தண்டனையே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. வாராவாரம் வருகை நிலவரத்தை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும், மாதாமாதம் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், குறைந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்த வேண்டும். அத்தனைக்குப் பிறகும் குறைந்தால் மதிப்பெண்ணில் அதிகபட்சம் 5 சதவீதம் குறைக்கலாம் என்று வரம்பு கட்டியது. இந்திய பார் கவுன்சிலை விதிகளை மறுபரிசீலனை செய்யவும் சொன்னது.

இது சட்டக் கல்வி பற்றிய தீர்ப்பு. பொறியியல் மாணவர் இதைக் காட்டி நாளைக்கே ஹால் டிக்கெட் கேட்க முடியாது. ஆனால் தண்டனையை மதிப்பெண்ணுக்குள் அடக்கிவிடும் அந்த யோசனை பொறியியலுக்குப் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் பழைய ஒழுங்குமுறையில் இன்டர்னலில் 5 மதிப்பெண் வருகைக்கென்றே இருந்தது. வருகை கூடக் கூட மதிப்பெண் ஏறும். படிப்படியான அந்த ஏணி இருந்த இடத்தில் வெறும் பள்ளம் வைத்தால் விழுகிறவர் எல்லோரும் ஒரே ஆழத்தில்தான் விழுவார்கள்.

விதியை மனிதத் தேவைக்கு வளைக்கலாம் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு மாதவிடாய்க்காக ஒவ்வொரு செமஸ்டரிலும் 2 சதவீதம் கூடுதல் சலுகை தந்தது. சில நாட்களிலேயே கேரள அரசு அதை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் விரித்தது. மாணவிகளுக்கு 75 என்பது 73 ஆனது. மருத்துவச் சீட்டு, கெஞ்சல், ஹெச்.ஓ.டி. அறை எதுவும் இல்லை.

இப்போதைக்கு என்ன செய்வது

விதி மாறும்வரை கணக்குத்தான் துணை. 75 சதவீதம் என்பதன் அர்த்தம், ஒரு நாள் வராததை மூன்று நாள் வருகையால் ஈடுகட்ட வேண்டும் என்பது. வராத நாட்களை மூன்றால் பெருக்கி, வந்த நாட்களைக் கழித்தால் கிடைப்பது, இனி விடுப்பே எடுக்காமல் வர வேண்டிய நாட்கள். 50 நாள் முடிந்தபோது 34 நாள் வந்திருக்கிறீர்கள், 16 நாள் வரவில்லை என்றால் 48-லிருந்து 34 போக 14. மீதம் 25 நாள் இருப்பதால் தப்பிக்கலாம். அதே 68 சதவீதம் 65-ஆவது நாளில் என்றால் மீதமுள்ள பத்து நாளும் வந்தாலும் 75-ஐத் தொட முடியாது. நாற்பதாவது நாளில் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான் அறுபத்தைந்தாவது நாளில் வாசலில் நிற்கிறார்கள்.

அதே 2017 விதிப்படி, ஆசிரியர் எழுதும் மாணவர் வருகை, மதிப்பீட்டுப் பதிவேட்டை ஹெச்.ஓ.டி. ஒரு செமஸ்டரில் குறைந்தது மூன்று முறையாவது பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மூன்று முறை பார்த்தவர் ஒருமுறையாவது எச்சரித்தாரா என்று கேட்க மாணவருக்கு உரிமை உண்டு. பணிவாக, எழுத்தில் கேளுங்கள். ஓ.டி. படிவத்தைப் போட்டிக்குப் போகும் முன்பே கையெழுத்தாக்கி, ஒரு பிரதியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஆலோசகர் மாறிவிட்டால் பழைய வாக்குறுதி செல்லாது. மருத்துவமனையில் சேர்ந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் நீட்டும் உண்மையான சீட்டும் போலியாகத்தான் தெரியும். அபராதம் கட்டச் சொன்னால் கட்டுங்கள், ஆனால் ரசீது இல்லாமல் வேண்டாம். ரசீது என்ற சொல்லைக் கேட்டதும் சில அபராதங்கள் காணாமல் போவதுண்டு.

கல்லூரிக்குள் நியாயம் கிடைக்கவில்லை என்றால், மாணவர் குறைதீர் குழு என்று ஒன்று ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தாக வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 ஒழுங்குமுறை சொல்கிறது. அதற்கு மேல் முறையிட ஆம்புட்ஸ்பர்சன் என்ற குறைகேட்பு அதிகாரி இருக்கிறார். 64-ஐ 65 ஆக்க இவர்களால் முடியாமல் போகலாம். கட்டணம் பாக்கி என்று வெளியே நிறுத்திய நாட்களையும், ஒரு நாளுக்கு மூன்றாகப் போட்ட ஆப்சென்ட்டையும் இவர்கள் முன் கேள்வி கேட்க முடியும்.

எல்லாம் தாண்டி ரீடூ என்று முடிவாகிவிட்டால், வீட்டில் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. தேர்வு எழுதப் போகிறேன் என்று மூன்று வாரம் பஸ் ஏறிவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மிகப் பெரிய ஆபத்து அந்த மூன்று வாரத்தில்தான். மறுசேர்க்கை தானாக நடக்காது. கல்லூரி மூலமாகக் கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அனுமதி பெற வேண்டும். அடுத்த வருடம் அந்த செமஸ்டர் தொடங்கும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கல்விக் கடன் இருந்தால் வங்கி மேலாளரிடம் இடைவெளியைக் கடிதமாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தவணை கட்டும் காலம் முன்கூட்டியே தொடங்கிவிடும் சிக்கல் வரும். இடையில் ஒழுங்குமுறை மாறியிருந்தால் புதிதாகச் சில பாடங்கள் சேரலாம், அதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்து நேராகச் சேர்ந்தவருக்கு பி.இ. முடிக்க 2017 ஒழுங்குமுறை கொடுக்கும் உச்சவரம்பு 14 செமஸ்டர். அதில் போனது இரண்டு.